பாடகியின் குரலைக் காணவில்லை: ஓபன்-பேக் ஹெட்போன் கோளாறுகளுக்கு வீட்டு வைத்தியம்

கச்சேரிப் பதிவுகளை வீட்டில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்வது, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமப்படுத்துவது, என் வேலை. அதனால் அக்கம்பக்கத்து இசைப் பைத்தியங்கள் எல்லாம் ஹெட்போன் பழுது என்றால் என்னிடம் கொண்டுவந்துவிடுகிறார்கள். வருகிற பத்தில் ஏழெட்டுக்கு ஹெட்போனில் ஒன்றுமே இருப்பதில்லை. பிளக் பாதி செருகியிருக்கும், உள்ளே ஒரு தலைமுடி போயிருக்கும், அல்லது கேட்கிறவரின் தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எனவே ஓபன்-பேக், அதாவது வெளிப்புறம் மூடாமல் வலை போட்ட ஹெட்போன்களுக்கு, கோளாறின் அறிகுறியைச் சொல்லி, எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. எந்தக் கோளாறானாலும் முதல் ஐந்து நிமிடம் மாற்றிப் பாருங்கள்: வேறு பாட்டு, வேறு போன், வேறு ஹெட்போன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போய்விடும், காரணமும் அதோடு போய்விடும். அடுத்த வாரம் இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்.

குரல் மட்டும் கேட்கவில்லை

வயலின் கேட்கிறது, தம்பூரா கேட்கிறது, அரங்கத்தின் எதிரொலிகூடக் கேட்கிறது. பாடகி மட்டும் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கிறது. பார்ப்பவருக்கு இது பேய் வேலை மாதிரி தோன்றும். காரணம் மிகவும் எளிமையானது: பிளக்கின் அடிப்பகுதி உலோகம், அதாவது இடது வலது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு, தொடவில்லை.

பொது இணைப்பு அறுந்தால் இரண்டு பக்கத்து டிரைவர்களும் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்கள்) ஒரே வரிசையில் கோத்ததுபோல் ஆகிவிடும். அப்போது அவற்றுக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடகரின் குரலை மிக்ஸிங் செய்பவர் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பார். சமத்தைச் சமத்திலிருந்து கழித்தால் சுழியம். ஓரங்களில் வைத்த வாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும்.

உறுதி செய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவை மோனோ பதிவுகள், இரண்டு பக்கமும் ஒன்றேதான். கிரவுண்டு விட்டுப்போயிருந்தால் அந்தப் பாட்டு ஏறக்குறைய முழுவதுமாகவே மறைந்துவிடும்.

தீர்வு: பிளக்கை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். தடித்த போன் கவர் இருந்தால் கழற்றுங்கள், பாதிப் பேருக்கு அதுதான் வில்லன். 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் மேல் 6.35 மில்லிமீட்டர் அடாப்டர் திருகியிருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மைக் உள்ள ஹெட்செட்டின் கேபிளை (அதன் பிளக்கில் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும்) ஸ்டூடியோ ஹெட்போனுக்குப் பயன்படுத்தினால், சில ஆம்ப்களில், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டிகளில், இதே கூத்து நடக்கும். எல்லாம் சரியாக இருந்தும் குரல் வரவில்லை என்றால், போனிலோ கணினியிலோ ‘சரவுண்டு’, ‘கரோக்கி’ போன்ற ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான். ஒரு பக்கத்து ஒலி மட்டும் இரண்டு காதிலும் வருகிறது, ஆனால் தலைக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் காதைப் பிசைகிறது என்றால், ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியோடு இணைக்கும் ஒலிப்பதிவுப் பெட்டி) பின்புறம் ஸ்பீக்கருக்கான துளையில் செருகியிருக்கிறீர்கள். ஹெட்போன் படம் போட்ட துளைக்கு மாற்றுங்கள்.

சத்தம் போதவில்லை

‘250 ஓம் வாங்கிவிட்டேன், ஆம்ப் இல்லாமல் ஓடாது என்று கடையில் சொன்னார்கள்’ என்று பதறிக்கொண்டு வருவார்கள். மின்தடையைச் சொல்லும் இந்த ஓம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது. அதோடு உணர்திறன், அதாவது இவ்வளவு மின்சக்திக்கு இவ்வளவு சத்தம் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் மாதிரியை எடுத்துக்கொள்வோம். 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்பது அதன் கணக்கு. 250 ஓமில் 1 மில்லிவாட் வர 0.5 வோல்ட் போதும். 1 வோல்ட் கொடுத்தால் 102 டெசிபல், 2 வோல்ட் கொடுத்தால் 108. இவை உச்சக் கணத்தின் அளவுகள். பாட்டின் சராசரி இதைவிடப் பதினைந்து இருபது டெசிபல் கீழே இருக்கும். 1 வோல்ட் தரும் ஒரு சிறிய டோங்கிள் (போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே செருகும் குட்டிக் கருவி) இருந்தாலே, இன்றைய பதிவுகளைக் காது நிறையக் கேட்டுவிடலாம்.

மறுபுறம் ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. 25 ஓம்தான், ‘போனிலேயே ஓடும்’ என்று வாங்கிவிடுவார்கள். அதன் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். 102 டெசிபலைத் தொட அதற்குச் சுமார் 12.6 மில்லிவாட் வேண்டும், மின்னோட்டம் 22 மில்லிஆம்பியர் அளவுக்குப் போகும். டிடி 990க்கு அதே சத்தத்துக்கு 4 மில்லிஆம்பியர்தான். மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டிடி 990க்குத் தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும் (வோல்ட்), எச்இ400எஸ்இக்குக் குழாய் அகலமாக இருக்க வேண்டும் (மின்னோட்டம்).

இனி சோதனை. முதலில் பாட்டுச் செயலி, போன் அல்லது கணினி, இன்டர்ஃபேஸ் என்று எங்கெல்லாம் வால்யூம் இருக்கிறதோ அத்தனையையும் பாருங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் போச்சு. சில டோங்கிள்கள் சில ஆண்ட்ராய்டு போன்களில் முழு வால்யூமைத் திறப்பதே இல்லை. அதே டோங்கிளைக் கணினியில் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்து ஈக்வலைசர், அதாவது ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி: பேஸை (தாழ்ந்த ஒலியை) 6 டெசிபல் ஏற்ற வேண்டும் என்றால் மொத்த ஒலியை 6 டெசிபல் இறக்கியாக வேண்டும். அந்த 6 டெசிபல் உங்கள் சத்தத்திலிருந்துதான் போகிறது.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால், எந்தப் பாட்டில் போதவில்லை என்று கேட்பேன். பழைய சபா ஒலிப்பதிவு என்பார்கள். அவை மிகவும் தாழ்வான அளவில் பதிவானவை, அவற்றைக் கேட்க 2 வோல்ட் தரும் ஆம்ப் தேவைதான். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு, செங்கல் பருமனில் ஓர் ஆம்ப் வாங்குவது வீண் செலவு.

குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் கரகரக்கிறது

மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம்) கும்கி என்ற ஆழமான அடி விழும்போது வலது காதில் ‘ஸ்ர்ர்’ என்று ஒரு காகிதம் துடிக்கிற ஓசை. அல்லது பேச்சில் ஒன்றுமில்லை, கீழ்ஸ்தாயி வந்தால் மட்டும் வருகிறது. டிரைவர் கிழிந்துவிட்டது என்று பயந்து புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருமுறை அப்படிப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோய், ‘டிரைவர் மாற்ற வேண்டும்’ என்ற தீர்ப்பையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கடைசியில் அது என் தலைமுடி.

காதைச் சுற்றியிருக்கும் குஷன் வழியாகவோ வெளிப்புற வலை வழியாகவோ ஒரு முடி நுழைந்து, டிரைவரின் மெல்லிய சவ்வைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சவ்வு அதிகமாக அசைவது பேஸில்தான், அதனால் அப்போது மட்டும் முடி தாளம் போடும். எல்லாப் பக்கமும் திறந்திருக்கிற ஓபன்-பேக்குக்கு இந்த நோய் அடிக்கடி வரும். வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

முதலில் முடிதானா என்று உறுதி செய்யுங்கள். ஈக்வலைசரை அணையுங்கள். பேஸை ஏற்றிவிட்டு மொத்த ஒலியை இறக்காமல் விட்டாலும் கரகரப்பு வரும், அது ஒலி உடைவது. பிறகு 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலேறும் ஒற்றைச் சுருதி ஒலிக்கோப்பு ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். ஆரோக்கியமான ஹெட்போனில் அது வழுவழுவென்று ஏறும். முடி இருந்தால், பெரும்பாலும் 30 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள், ஓரிடத்தில் சடசடக்கும். அதே ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் ஓசை அடுத்த காதுக்குப் போக வேண்டும்.

குஷனைக் கழற்றுங்கள். சிலவற்றில் விளிம்பை இழுத்தால் வரும், சிலவற்றில் திருப்பினால் வரும். எது என்று தெரியாமல் பிய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சு வட்டத்தை எடுத்து உதறுங்கள். நல்ல வெளிச்சத்தில், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் முடி பளபளக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். டிரைவருக்குள் இருப்பது வலுவான காந்தம், இரும்பு இடுக்கியைக் கொண்டுபோனால் அது வெடுக்கென்று இழுத்துச் சவ்வில் குத்திவிடும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஹெட்போனைக் கவிழ்த்துப் பிடித்து, சுமாரான வால்யூமில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு நிமிடம் விடுங்கள். நடுங்கி நடுங்கித் தானே விழுந்துவிடுவதும் உண்டு. வாயால் ஊதலாம், மெதுவாக. வேக்குவம் கிளீனர், ஹேர் டிரையர், அழுத்தக் காற்று டப்பா ஆகியவற்றை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைவு

ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். குறைவு அதே காதில் நின்றால் ஹெட்போனுக்குக் கோளாறில்லை, காதில் அழுக்கோ சளியோ இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். அடுத்த காதுக்குப் போனால் ஆம்பின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். விலை குறைந்த ஆம்ப்களில் குமிழ் ஆரம்ப நிலையில் இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போவதில்லை. கணினியில் வால்யூமைக் குறைத்து, ஆம்பில் ஏற்றிவைத்தால் சரியாகிவிடும். அதிலும் தீரவில்லை என்றால் கேபிள். கழற்றக்கூடிய கேபிள் என்றால் கழற்றி மாட்டுங்கள். சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றில் கேபிள் முனையின் இரண்டு கால்களும் வேறு வேறு பருமன், தப்பான பக்கமாகத் திணிக்காதீர்கள். டிடி 990 ப்ரோ போல நிலையாகப் பொருத்திய கேபிள் என்றால் சோல்டரிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது.

சோல்டரிங் செய்து வந்த பிறகு, சத்தம் சரியாக இருந்தும் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் பரந்து, பேஸ் வற்றிப்போனால், ஒரு பக்கத்துக் கம்பிகள் இடம் மாறிவிட்டன. மிக்ஸிங் மென்பொருளில் ஒரு சேனலின் துருவத்தை (பிளஸ், மைனஸை) திருப்பிப் பாருங்கள். குரல் நடுவுக்கு வந்து உட்கார்ந்தால் சந்தேகமே இல்லை, அதே கடைக்குத் திரும்பப் போங்கள்.

இரைகிறது, ஷாக் அடிக்கிறது

‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த இரைச்சல் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் வழி அதுதான். கணினியையும் இன்டர்ஃபேஸையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பாருங்கள். இரண்டு பின் சார்ஜரில் உலோக உடல் லேசாகச் சுள்ளென்று கடிப்பது மின்கசிவு. மூன்று பின் உள்ள சார்ஜரும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் போய்விடும். மூன்று பின்னும் இருந்து கடித்தால் எலக்ட்ரீசியனை அழைத்து வீட்டின் எர்த்தைப் பாருங்கள், அது ஹெட்போன் விஷயம் அல்ல. இரைச்சலுக்காக எர்த் பின்னை வெட்டச் சொல்கிற மேதைகள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. முன்னும் பின்னும் இருபது முறை திருப்பினாலே பாதி குணமாகும்.

பேஸ் இல்லை

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் புகாரில்தான் நான் அதிகம் வாக்குவாதம் செய்திருக்கிறேன். ஓபன்-பேக்கில் டிரைவரின் பின்புறக் காற்று வலை வழியே வெளியே போய்விடுகிறது. அடித்தள பேஸில் பின்பக்க அலையும் முன்பக்க அலையும் சுற்றிவந்து ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் எச்டி 600 போன்ற பெயர்பெற்ற ஹெட்போன்களிலேயே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துகொண்டே போகும். அது கோளாறு அல்ல, பிறவிக் குணம். உடுக்கை அதிர்வு நெஞ்சில் விழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் பின்புறம் மூடிய க்ளோஸ்டு-பேக் வாங்கியிருக்க வேண்டும், அல்லது பேஸில் நீண்டு போகும் பிளேனார் (தட்டைச் சவ்வு) வகை.

ஆனால் நேற்று இருந்த பேஸ் இன்று இல்லை என்றால் அது வேறு விஷயம். மின்விசிறியை அணையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. விசிறியும் ஏசியும் தருவது பெரும்பாலும் தாழ்ந்த ஓசை, ஓபன்-பேக் அதைத் தடையின்றி உள்ளே விடுகிறது, பாட்டின் பேஸ் அதற்குள் மூழ்கிப்போகிறது. வைகாசியில் புகார்கள் கூடி மார்கழியில் குறைவதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து குஷன். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் குஷன் சீக்கிரம் தட்டையாகிவிடும். காது டிரைவருக்கு நெருங்க நெருங்க ஒலியின் சாயலே மாறிவிடும். விரலால் அழுத்தினால் மீண்டும் எழ வேண்டும், எழாவிட்டால் மாற்றுங்கள். நிறுவனத்தின் குஷனையே வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிற தோல் குஷனைப் போட்டால், அது வேறு ஹெட்போன். வெல்வெட் குஷனைக் கேட்டு முடித்ததும் காற்றோட்டமான இடத்தில் மாட்டிவையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் நாற்றம்தான் மிஞ்சும். கண்ணாடி அணிபவர்களுக்குத் தண்டு குஷனைத் தூக்கிவிடும், அந்த இடைவெளியிலும் பேஸ் கசியும்.

சோபாவில் தலையணை வைத்துச் சாய்ந்தால் ஒலி மாறுகிறதா? தலையணை வலையை அடைக்கிறது. நிமிர்ந்து உட்காருங்கள்.

‘ச’, ‘ஷ’ குத்துகிறது

டிடி 990க்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு உண்டு, அது உலகறிந்த குணம். ‘பழகப் பழகச் சரியாகும்’ என்பார்கள். குஷன் கொஞ்சம் மிருதுவாகும், காது பெருமளவு பழகும், டிரைவர் அவ்வளவாக மாறாது. காத்திருக்காமல் ஈக்வலைசர் போடுங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். அந்த மேட்டில் 4 டெசிபல் இறக்கித் தொடங்கி, ஒவ்வொரு டெசிபலாகக் காதால் முடிவு செய்யுங்கள். 10 டெசிபல் இறக்க வேண்டியிருந்தால் அந்த ஹெட்போன் உங்களுக்கானது அல்ல, விற்றுவிடுங்கள்.

இங்கே நன்றாக இருந்த மிக்ஸ் காரில் கெட்டுப்போகிறது

எந்தப் பக்கம் கெடுகிறது என்பதில் விடை இருக்கிறது. காரில் பேஸ் குமுறினால், ஹெட்போனில் இல்லாத பேஸை நீங்கள் மிக்ஸில் ஊட்டிவிட்டீர்கள். காரில் மந்தமாக இருந்தால், ஹெட்போனின் கூர்மைக்குப் பயந்து ட்ரெபிளை (உயர்ந்த ஒலியை) வெட்டிவிட்டீர்கள். எதிரொலி அதிகமாகவோ குறைவாகவோ பட்டால் காரணம் வேறு. ஸ்பீக்கரில் இடது ஒலி வலது காதுக்கும் போகும், ஹெட்போனில் போகாது, அதனால் எல்லாம் பிரிந்து பிரிந்து தெரியும்.

நான் செய்வது இது. நன்றாகத் தெரிந்த, நன்றாக மிக்ஸ் செய்த ஒரு பதிவை அருகிலேயே வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிமாறிக் கேட்பேன். மிருதங்கத்தின் தொப்பி அளவை ஹெட்போனில் முடிவு செய்யவே மாட்டேன், அதைச் சிறிய ஸ்பீக்கரில் பார்ப்பேன். கடைசியாக மோனோவாக்கிக் கேட்பேன். வயலின் காணாமல் போனால் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

பாடும்போது மைக்கில் தாளம் விழுகிறது

ஹெட்போனிலிருந்து கசிகிறது. இதற்குத் தந்திரம் எதுவும் இல்லை. பாடுபவர் காதில் டிடி 770 போன்ற க்ளோஸ்டு-பேக், மிக்ஸ் செய்பவர் காதில் ஓபன்-பேக் என்று இரண்டு வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, வீட்டில் பாடிப் பதிவும் செய்வீர்கள் என்றால் முதலில் க்ளோஸ்டு-பேக் வாங்குங்கள்.

கழற்றிய பிறகு காதில் ரீங்காரம்

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விசிறிச் சத்தத்துக்கு மேல் வால்யூமை ஏற்றினீர்கள், குக்கர் விசிலுக்கு மேல் ஏற்றினீர்கள், பிறகு இறக்க மறந்துவிட்டீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். அறை அமைதியாக இருக்கும்போது வால்யூமை வைத்துவிட்டு, குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வீட்டில் சத்தம் கூடினாலும் கோட்டைத் தாண்டாதீர்கள், பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். ரீங்காரம் மறுநாளும் நீடித்தால் காது மருத்துவரிடம் போங்கள்.

வீட்டிலிருப்பவர்கள் முறைக்கிறார்கள்

ஓபன்-பேக் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும். இரவு பதினொரு மணிக்கு உங்களுக்குத் தெளிவாக விழுகிற ஆலாபனை, தூங்குகிறவருக்குக் கொசு ரீங்காரம். வாங்குவதற்கு முன்பே ஒரு நாள் நீங்கள் கேட்கிற நேரத்தில், கேட்கிற இடத்தில், ஒன்றும் மாட்டாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தொலைக்காட்சித் தொடரின் வசனம் வார்த்தை வார்த்தையாக விழுகிறது என்றால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்த வசனத்தோடு சேர்த்துத்தான் பாட்டுக் கேட்பீர்கள். என் அறைக் கதவைச் சாத்தினால் தொடர் கேட்காது. அந்தக் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை ஒரு பழைய பெட்ஷீட்டால் அடைக்கிறேன்.